அக்காவுக்குக் கலர் ரீடர் வாங்கலாமா?

என் அக்கா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆனது. அதிலிருந்து போனில் அரை மணி நேரம் படித்தாலே கண் கூசுகிறது என்கிறார். கூடவே நாலாம் வகுப்புப் படிக்கும் பேரன் இருக்கிறான். ஒருநாள் போனில், "தம்பி, கலர்லயே புத்தகம் படிக்கிற கருவி வந்திருக்காமே. அதை வாங்கிட்டா ரெண்டு பேருக்கும் ஆகும்ல?" என்று கேட்டார். கையில் 20 ஆயிரம் ரூபாய் வைத்திருக்கிறார். வெள்ளெழுத்து வந்த வயதில் வாங்கும் பொருள், ஏழெட்டு வருடம் உழைக்க வேண்டும். அதனால் சட்டென்று பதில் சொல்லவில்லை.

என் தொழில் டிடிபி. பத்திரிகை, புத்தகம், மின்னூல் என்று பகல் முழுக்கப் பக்கங்களோடுதான் இருக்கிறேன். அந்தச் சமயம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தன்னுடைய கோபோ நிறுவனத்துக் கலர் ரீடரான கிளாரா கலரை ஒரு வாரம் என்னிடம் விட்டுப் போயிருந்தார். என்னிடம் ஏற்கெனவே அமேசானின் கறுப்பு வெள்ளை ரீடரான கிண்டில் பேப்பர்வைட் ஒன்று உண்டு. கடையில் வாடிக்கையாளருக்கு புரூஃப் காட்ட ஒரு 10 அங்குல டேப்லட் இருக்கிறது. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒரே புத்தகத்தைத் திறந்து, டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தேன்.

முதல் பார்வையிலேயே ஒன்று தெரிந்துவிட்டது. உள்விளக்கை அணைத்தால் பேப்பர்வைட்டின் பின்புலம் கொஞ்சம் பழைய தாள் மாதிரி இருக்கிறது. கிளாரா கலரின் பின்புலம் அதைவிட ஒரு படி சாம்பல். எழுத்து இரண்டிலும் கறுப்புதான், ஆனால் கலர் திரையில் அந்தக் கறுப்பு எடுப்பாக நிற்கவில்லை. ஆஃப்செட் அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வைத்திருக்கும் லென்ஸை எடுத்துத் திரைமேல் வைத்தேன். கறுப்பு எழுத்தின் ஓரங்களில் சிவப்பு, பச்சை, நீலம் மாறி மாறித் தெரிந்தன. வெள்ளை இடம்கூட உண்மையில் வெள்ளை இல்லை, மூன்று நிறமும் சேர்ந்து வெள்ளை போல் காட்டுகின்றன.

காரணம் எளிது. இந்த ரீடர்களில் இருப்பது ஈ-இங்க் என்ற மின்தாள் திரை. அதில், தலைமுடி தடிமன் அளவுள்ள நுண்குமிழ்களுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஏதோ ஒன்று மேலே வருகிறது, வந்தது அங்கேயே நிற்கிறது. பக்கம் மாற்றும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். கறுப்பு வெள்ளையில் இதோடு கதை முடிந்தது. இப்போது மலிவு விலையில் கிடைக்கும் கலர் ரீடர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது கலைடோ 3 என்ற திரை, 2022-இல் வந்தது. அடியில் அதே கறுப்பு வெள்ளைத் திரைதான். அதற்கு மேலே சிவப்பு, பச்சை, நீலச் சல்லடை ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் அந்தச் சல்லடை வழியாக உள்ளே போய், பட்டு, மறுபடி அதே வழியாகத் திரும்பி வரவேண்டும். போக வர இரண்டு தடவையும் கொஞ்சம் வெளிச்சத்தைச் சல்லடை விழுங்கிவிடுகிறது. பின்புலம் சாம்பலாகத் தெரிவது இதனால்தான். அதை ஈடுகட்ட உள்விளக்கைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது, பேட்டரியும் அதற்கேற்ப இறங்குகிறது.

கூர்மையும் அப்படித்தான். கறுப்பு எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளியில் வருகிறது. நிறம் 150 புள்ளியில்தான் வருகிறது. பாதிதானே என்று தோன்றும். நீளத்தில் பாதி, அகலத்திலும் பாதி என்றால் பரப்பில் நாலில் ஒரு பங்கு. கிளாரா கலரின் 6 அங்குலத் திரை கறுப்பு வெள்ளைக்கு 1448-க்கு 1072 புள்ளி, நிறத்துக்கு 724-க்கு 536. மொத்தம் 4096 நிறங்கள்.

நிறம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அச்சுக்கூடத்து பாஷையில் சொல்கிறேன். சிவகாசி நாள்காட்டி ஆர்ட் பேப்பரில் பளபளவென்று இருக்கும். அதே படத்தை நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நியூஸ்பிரிண்ட்டில் அச்சிட்டால் வெளுத்து, கொஞ்சம் அழுக்குப் படிந்தது போல் இருக்கும். கலர் ஈ-இங்க் இரண்டாவது ரகம். நாளிதழ் இணைப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தாது. எனக்கு அந்த மங்கலான நிறம் பிடித்தே இருந்தது. ஆனால் டேப்லட் திரையை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்குபவர் பெட்டியைத் திறந்த நிமிடமே ஏமாந்துபோவார்.

சரி, விலைக்கு வருவோம். கலருக்கு மட்டும் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று பார்க்க கோபோ நல்ல உதாரணம். 2024 ஏப்ரலில் கறுப்பு வெள்ளையான கிளாரா பிடபிள்யூ, கிளாரா கலர் இரண்டையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். உடம்பு ஒன்று, திரை அளவு ஒன்று, தண்ணீர் பட்டாலும் தாங்கும் வசதி இரண்டிலும் உண்டு. அறிமுகத்தில் முதலாவது 129.99 டாலர், இரண்டாவது 149.99 டாலர். நிறத்தின் விலை 20 டாலர். கிண்டிலில் கதை வேறு. அதே 2024 இறுதியில் வந்த கறுப்பு வெள்ளை பேப்பர்வைட் சிக்னேச்சரின் அறிமுக விலை 199.99 டாலர், கலர் திரை உள்ள கலர்சாஃப்ட் சிக்னேச்சரின் அறிமுக விலை 279.99 டாலர், இடைவெளி 80 டாலர். கலர்சாஃப்ட் வந்த புதிதில் திரையின் அடியில் மஞ்சள் பட்டை தெரிகிறது என்று வாங்கியவர்கள் புகார் செய்ய, அமேசான் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஏழு அங்குலத்தில் பக்கம் திருப்பும் பொத்தான், பேனாவால் எழுதும் வசதி எல்லாம் வேண்டுமென்றால் கோபோ லிப்ரா கலர், அறிமுக விலை 219.99 டாலர்.

20 டாலர்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். 150 டாலர் என்றால் நம் ரூபாயில் சுமார் 13 ஆயிரம். ஆனால் அந்த 20 டாலரோடு வேறொன்றையும் கொடுக்கிறோம், திரையின் வெண்மையை. அக்கா கண்ணுக்கு அதுதானே முக்கியம். அப்புறம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி தனி, பழுதானால் இங்கே கொண்டுபோய்க் கொடுக்க இடம் இல்லை. இந்த வரிசைக் கருவிகளைப் பிரித்துச் சரிசெய்ய உதிரிபாகமும் வழிகாட்டியும் கிடைக்கும்படி, பழுதுபார்க்க வழிகாட்டும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு கோபோ ஏற்பாடு செய்திருக்கிறது, பாராட்ட வேண்டிய விஷயம். இருந்தாலும் ஸ்குரூடிரைவர் பிடிப்பது அக்கா இல்லையே.

விலையை வைத்துக்கொண்டு மேலே யோசிப்பதில் பயனில்லை என்று தோன்றியது. "அக்கா, கடைசியா படிச்சது, அடுத்து படிக்கணும்னு வச்சிருக்கிறது, பேரனுக்குக் காட்ட நினைக்கிறது, எல்லாம் சேர்த்து இருபது புத்தகத்தோட பேர் எழுதி அனுப்புங்க" என்றேன். அன்று ராத்திரியே கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதி, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். நாவலும் சிறுகதையும் 11. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய பழைய இலக்கியம் 4. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய இலக்கண உரைகள் 2. பேரனுக்கு ஒரு பாடப்புத்தகம், ஒரு படக்கதை, ஒரு நிலப்பட நூல், ஆக 3.

இந்தத் தாளைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் விளங்கியது. இருபதில் நிறம் வேண்டியவை மூன்று. மூன்றும் பெரிய பக்கம், மூன்றும் பிடிஎஃப், அதாவது அச்சுப் பக்கம் அப்படியே மாறாமல் வரும் கோப்பு. மலிவான கலர் ரீடரோ 6 அங்குலம். எதற்காகக் கலர் வாங்குகிறோமோ அது அந்தத் திரையில் அடங்காது. எது அடங்குமோ அதற்குக் கலர் வேண்டாம்.

இதை அக்காவுக்குப் புரியவைக்க அடிஸ்கேலை எடுத்தேன். 6 அங்குலத் திரையின் அகலம் 9 சென்டிமீட்டர். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். பக்கத்தை முழுசாகக் காட்டினால் 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்ட் ஆகிவிடும். நாளிதழில் வரும் டெண்டர் அறிவிப்பு எழுத்துகூட இதைவிடப் பெரிது. கருவியைப் படுக்கவைத்தால் 7 பாயிண்ட் வரும், ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும். பேரன் படிக்கும் மாதிரியான பாடப்புத்தகப் பக்கம் ஒன்றைக் கிளாரா கலரில் திறந்து பார்த்தேன். சிவப்பில் இருந்த தலைப்புகளில் மெய்யெழுத்தின் புள்ளி காணவில்லை. நிறத்துக்கு 150 புள்ளிதான், அதுவும் பாதிக்கு மேல் சுருங்கிய பக்கம், எழுத்துக்கு மேல் இருக்கும் சின்னப் பொட்டு எங்கே போகும்? "மண்" என்பது "மண" என்று தெரிகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் இதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் எல்சிடி டேப்லட்டே வாங்கிவிடலாமே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2010-இல் அமெரிக்கப் புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் 249 டாலருக்குக் கொண்டுவந்த நூக் கலர் அதைத்தான் செய்தது. புத்தகம் படிக்கும் கருவி என்று பெயர், உள்ளே ஏழு அங்குல எல்சிடி. அடுத்த வருடம் அமேசானின் கிண்டில் ஃபயர் 199 டாலருக்கு வந்தது. படம், நிறம், வேகம் எதிலும் குறை சொல்ல முடியாது. 10 அங்குல டேப்லட்டைப் படுக்கவைத்தால் ஏ4 பக்கத்தின் அகலம் அசல் அளவிலேயே தெரியும். பேரனின் மூன்று புத்தகத்துக்கும் சரியான கருவி அதுதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு நாவல் படிக்கும் அக்காவின் கண்ணுக்கு நேராக ஒளி பாய்ச்சும் திரை அது. கையில் அரை கிலோ கனம். நடுநடுவே வாட்ஸப் மணியடிக்கும். டிசிஎல் நிறுவனம் நெக்ஸ்ட்பேப்பர் என்று கூச்சம் குறைத்த திரையோடு டேப்லட் விற்கிறது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிப் பிரதிபலிப்பைக் குறைத்திருக்கிறார்கள், நல்ல வேலைதான். அடியில் இருப்பது எல்சிடி என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பெயரில் பேப்பர் இருப்பதைப் பார்த்து ஈ-இங்க் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

டேப்லட்டில் ரொம்ப மலிவாக வருவதைப் பற்றி ஒரு சொந்த அனுபவம் சொல்ல வேண்டும். சில வருடம் முன்பு ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒன்று வாங்கினேன். முதல் ஆறு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு பிடிஎஃப் பக்கம் திரும்ப, எண்ணி நாலு நொடி ஆனது. இரண்டாவது வருடம் பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றது. விற்ற கடையில் பேட்டரி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஆறாயிரமும் போனது, இரண்டு வருடம் அதில் சேர்த்த குறிப்புகளும் போயின. அன்றிலிருந்து எந்தக் கருவியையும் விலையை வருடத்தால் வகுத்துப் பார்க்கிறேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய என் பழைய கிண்டில் எட்டு வருடம் ஓடியது.

ஆண்ட்ராய்டு உள்ள கலர் ஈ-இங்க் இன்னொரு வழி. ஓனிக்ஸ் பூக்ஸ் கோ கலர் 7 அந்த ரகம், 250 டாலர் அளவில் வந்தது. பிளே ஸ்டோரிலிருந்து கிண்டில் செயலி உட்பட எதையும் ஏற்றிக்கொள்ளலாம், மெமரி கார்டும் போடலாம். கருவியைத் தானே அமைத்துக்கொள்ளத் தெரிந்த, அதில் ஆர்வம் உள்ள ஆளுக்கு இது நல்ல சாமான். ஆனால் போனுக்காகச் செய்த செயலியை மெதுவான திரையில் ஓட்டும்போது, மேலே தள்ளினால் பழைய வரியின் நிழல் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அமைப்பை மாற்றிப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு வேண்டாம். விலையும் கைக்கு மீறியது.

தமிழ் படிப்பவர்கள் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதும் விமர்சனங்களில் இது வராது. "கொ" என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். யூனிகோடில் சேமிக்கும்போது ககரம் முதலில், உயிர்க்குறி அதற்குப் பின்னால். படிக்கும்போது கொம்பைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து போடுவது கருவியின் மென்பொருள். அது தெரியாத மென்பொருளாக இருந்தால் ககரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டமும் தொங்கும் கொம்புமாகக் காட்டும். அதனால் எந்த ரீடரை வாங்கினாலும் முதல் நாளே "கொக்கு, கௌதாரி, ஸ்ரீ, க்ஷ" நான்கையும் ஒரு கோப்பில் போட்டுத் திறந்து பாருங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். கோபோவில் நமக்குப் பிடித்த தமிழ் எழுத்துருவை ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே வைத்துவிடலாம். எழுத்துரு ஆசை உள்ள எனக்கு அது பெரிய வசதி.

புத்தகம் எங்கிருந்து வரும் என்பதும் கருவியின் மதிப்பில் பாதி. விலை கொடுத்து வாங்கும் தமிழ் மின்னூல் பெரும்பாலும் கிண்டிலில்தான் இருக்கிறது. 2016 கடைசியில் அமேசான் தமிழையும் சேர்த்துக்கொண்ட பிறகு அந்தப் பக்கம் பெருகிவிட்டது. ஆனால் வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. இலவசமாகக் கிடைப்பதில் நமக்குக் குறைவில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து நடக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில், திரைக்கேற்ப எழுத்து மடங்கி வரும் ஈபப் என்ற மின்னூல் கோப்பு தருவதோடு, 6 அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். அந்த ஆறு அங்குலக் கோப்பைச் செய்து வைத்தவர்களுக்குக் கைகூப்ப வேண்டும். என்னைப் போலப் பக்கம் அமைப்பவனுக்குத்தான் அதில் எவ்வளவு வேலை என்று தெரியும். ஈபப்பைக் கோபோ நேரடியாகத் திறக்கும். கிண்டிலுக்கு "சென்ட் டு கிண்டில்" வழியாக அனுப்ப வேண்டும். இரண்டும் நடக்கிற காரியம்தான்.

இவ்வளவும் சொன்னதால் கலர் ரீடர் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் கடைப்பையன் ஒருவன் நண்பரின் கிளாரா கலரை இரண்டு நாள் வாங்கிப் போனான். வரலாற்றுப் புத்தகத்தில் ஆண்டுக்கு மஞ்சள், பெயருக்குப் பச்சை, சட்டப்பிரிவுக்கு நீலம் என்று கோடு போட்டுக்கொண்டே போயிருக்கிறான். திருப்புதலுக்கு அந்த நிறத்தை மட்டும் பார்த்தால் போதுமாம். எல்லாம் ஈபப், எழுத்து அதன் பாட்டுக்குத் திரைக்கேற்ப மடங்கி வரும். அவனுக்கு அந்த 20 டாலர் கூடுதல் நிச்சயம் பெறும். வயதும் இருபத்திரண்டு, சாம்பல் பின்புலம் அவன் கண்ணைத் தொந்தரவு செய்யவில்லை. சமையல் குறிப்பு, வரைபடத்தோடு வரும் பங்குச்சந்தைப் புத்தகம், ஏழு அங்குலத்துக்கு அடங்கும் காமிக்ஸ் இதெல்லாம் படிக்கிறவர்களும் லிப்ரா கலர் அளவில் ஒன்றைத் தாராளமாக யோசிக்கலாம். அட்டைப்படத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அட்டையைப் பார்ப்பது ஒரு நிமிடம், உள்ளே படிப்பது பத்து மணி நேரம்.

அக்காவுக்கு 7 அங்குலக் கறுப்பு வெள்ளை பேப்பர்வைட் வாங்கினோம், 16,999 ரூபாய். முதலில் கொஞ்சம் முகம் வாடினார். "பேரனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். பாடப்புத்தகம் அச்சில் அவன் பையிலேயே இருக்கிறது. மிச்சமிருந்த மூவாயிரத்துக்குப் புத்தகக் கடையில் படக்கதை ஒன்பதும் ஒரு பெரிய நிலப்பட நூலும் எடுத்துக் கொடுத்தேன். நிலப்படத்தைத் தரையில் விரித்துப்போட்டு, குப்புறப் படுத்துக்கொண்டு காவிரியை விரலால் தேடிக்கொண்டிருந்தான்.

பாக்கி இருந்தது அந்த இரண்டு இலக்கண உரைகள். ஸ்கேன் பக்கங்களை வரிவரியாக வெட்டிச் சிறு திரைக்கேற்ப அடுக்கித் தரும் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருளில் போட்டேன். முதல் நூலுக்கு ஒரு சாயங்காலம் ஆனது. ஓரத்துக் கறைகளையெல்லாம் எழுத்து என்று நினைத்து அதுவும் வெட்டி வைக்க, ஓரத்தின் அளவைக் கூட்டிக் கூட்டி ஓடவிட வேண்டியிருந்தது. இப்போது அதை அக்கா தினமும் நாலு பக்கம் படிக்கிறார். இரண்டாவது நூலில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு, அதுவும் பொடி எழுத்தில். அது வெட்டுக்கு மசியவில்லை. ரீடரைப் படுக்கவைத்து, பக்கத்தைப் பாதி பாதியாகத் தள்ளித்தான் பார்க்கிறார். "பரவால்ல தம்பி, புள்ளி தெரியுது" என்றார்.